தொட்டிக்குப் பின்னால் ஒரு துணி

என் கடையில் அந்த அக்கா முதலில் வாங்கியது ஒரு பவளப்பாறை போஸ்டர். மீன் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுவார்களே, அது. மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்க வந்தபோது அதே போஸ்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"இது ஆகல தம்பி. வேற குடு."

வெட்டிய போஸ்டரைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றேன்.

"திருப்பி எடுக்கச் சொல்லி யாரு கேட்டா? இது ஆகலன்னு உனக்குத் தெரியணும் இல்ல, அதுக்குக் கொண்டாந்தேன்."

அதை மேசைமேல் வைத்துவிட்டு இன்னொரு சுருளை உருவி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயிலில் விரித்துப் பிடித்துக் கிட்டத்தில் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. "தள்ளிக்கோபா, மறைக்கிற" என்று அதை நகர வைத்தார். ஆட்டோக்காரர் எதற்கு என்று புரியாமலே நகர்த்தினார்.

காஞ்சிபுரத்தில் நான் மீன் கடை வைத்திருந்தது எட்டு வருஷம். சாப்பிடுகிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். அந்தக் கடை திறந்த முதல் வருஷத்தில்தான் இந்த அக்காவோடு பழக்கம் ஏற்பட்டது. ஒரே வாரத்தில் நாலு போஸ்டர் வாங்கினார். பவளப்பாறை, பச்சைச் செடி, கருங்கல் குகை, கடலுக்கடியில் மூழ்கிப்போன கோயில். நாலையும் ஒவ்வொன்றாக என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு தடவையும் "இதுவும் ஆகல" என்பார். ஐந்தாவது தடவை அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு, பெரிய தொட்டிக்குப் பின்னால் ஃபில்டர் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். தண்ணீர் வழியாகவே என்னைப் பார்த்துவிட்டார்.

தொட்டிக்குப் பின்னால் என்ன ஒட்டலாம் என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். சோபா கலருக்குப் பொருந்துமா என்பார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்குமா என்பார்கள். இந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"இதுக்கு முன்னாடி மீனு வந்து நின்னா தெரியுமா?"

"சூப்பரா இருக்கும்க்கா."

"சூப்பரா இருக்குமான்னு கேக்கல. தெரியுமான்னு கேட்டேன்."

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். பக்கத்துத் தெருவில் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். பட்டுப் புடவை எடுத்தவர்கள் ஜாக்கெட்டுக்கு லைனிங் துணி, ஃபால்ஸ், நூல் எல்லாம் புடவைக் கலருக்கு ஒத்துப்போகிற மாதிரி வாங்க வரும் கடை. தெருவில் எல்லாரும் மேட்சிங்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, அதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் கடையில் ஒருநாள் நடந்ததை நானே பார்த்தேன். ஓரிக்கையிலிருந்து கல்யாண வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட முகூர்த்தப் புடவை. பெண்ணின் அம்மா டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு மஞ்சள் லைனிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "இதை வெட்டுங்க, டெய்லர் காத்துக்கினு இருக்கான்" என்றார். அக்கா கத்தரிக்கோலைத் தொடவில்லை.

"இது எலுமிச்சை மஞ்சள்மா. உங்க புடவை மாம்பழம். வெளிய வாங்க, வெளிச்சத்துல பாக்கலாம்."

"ஒண்ணாத்தான் இருக்குது. உள்ள போற துணிதானே, யாரு பாக்கப் போறா?"

"உங்க பொண்ணு பாக்கும். போட்டோவுல காலம் பூரா பாக்கும்."

"துணி விக்கிற கடைதானே இது? வித்துட்டுப் போயேம்மா."

"விக்க மாட்டேன்."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். அதற்குள் அக்கா சரியான மஞ்சளை எடுத்து, வெட்டாமல், மடித்து மேசைமேல் வைத்திருந்தார். புடவை பக்கத்தில் இல்லாமலே, ஞாபகத்திலிருந்து எடுத்தது. வெயிலில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்து போயிற்று. அக்கா கத்தரிக்கோலை எடுத்தார்.

அடுத்தவர் சொல்லி எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும், பார்த்தது நிஜம்தானா என்று இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடச் சொல்வார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படிப்பார். இதனால் அவரைப் பற்றித் தெருவில் நல்லபடியாகவும் பேசுவார்கள், வேறு மாதிரியும் பேசுவார்கள். நான் அப்போது வேறு மாதிரி பேசுகிற கட்சி.

ஐந்தாவது தடவை வந்தபோது, போஸ்டர் ஒட்டியதில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று சொன்னேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் காற்று நின்றால் படம் வெளுத்துத் தெரியும். வீட்டுக்கு வந்து நானே ஒட்டித் தருகிறேன் என்றேன்.

அன்று மத்தியானம் போனேன். சின்ன வீடு. முன்னறையில் ஜன்னலுக்கு எதிரே மூன்றடித் தொட்டி. அதில் ஐந்து கோல்டு ஃபிஷ். மூன்று ஆரஞ்சு, ஒன்று முழு வெள்ளை, ஒன்று ஆரஞ்சு உடம்பும் வெள்ளை வாலும். தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். நல்ல உயரம், பெரிய கை. நான் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, "வாபா" என்றார். ஆனால் என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

பின்கண்ணாடியில் தேங்காய் எண்ணெய் தடவி, முதலில் வாங்கிய பவளப்பாறை போஸ்டரை மேலிருந்து கீழாக நீவி, காற்றில்லாமல் ஒட்டினேன். பளிச்சென்று ஆகிவிட்டது. கடல் நீலத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பவளம்.

"எப்படிண்ணா?"

"சூப்பர்பா" என்றார் அவர்.

அக்கா சமையலறை வாசலில் நின்றபடி கேட்டார். "எத்தனை மீனு தெரியுது?"

"அஞ்சு."

ஒட்டியது சரியாகிவிட்டது என்ற திருப்தியில் நான் கிளம்பினேன். மறுநாள் காலை கடை திறக்கும்போது மறுபடியும் வாசலில் நின்றிருந்தார். கையில் போஸ்டர் இல்லை.

"தம்பி, எட்டரைக்கு அவரு குளிக்கப் போவாரு. அப்ப வந்து ரெண்டு மீன எடுத்துக்கோ. அவருகிட்ட சொல்லாத."

"எதுக்குக்கா?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் எதற்கு? ஆனால் அவர் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. போனேன். வலையால் இரண்டு ஆரஞ்சு மீனைப் பிடித்துத் தண்ணீரோடு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றேன். வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா காபியைக் கையில் கொடுத்தார்.

"எத்தனை மீனு தெரியுது?"

"நேத்துதானே கேட்ட? அஞ்சு."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"அஞ்சுதான்மா. மூணு மேல சுத்துது. ரெண்டு கீழ கல்லக் கிளறிக்கினு இருக்குது."

"தொட்டியில மூணுதான் இருக்குது. ரெண்டு அந்தத் தம்பி கையில இருக்குது."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"பரீட்ச வைக்கிறியா எனக்கு?"

"ஆமா."

"அஞ்சுன்னு சொன்னா உனக்குச் சந்தோஷமா இருக்குமேன்னு சொன்னேன். தெனம் ஒரு படத்த வாங்கிக்கினு வந்து ஒட்டுற. மூஞ்சியப் பாத்துக்கினே நிக்கிற. தெரியலன்னு எத்தனை தடவ சொல்றது?"

"நூறு தடவ சொல்லுங்க. என் சந்தோஷத்த யாரு கேட்டா இங்க? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. தெரியுதுன்னு சொன்னா நான் தேடுறத நிறுத்திடுவேன் இல்ல?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா என் கையிலிருந்து பையை வாங்கித் தொட்டியில் மிதக்க விட்டார்.

விஷயத்தை அன்று கடைக்கு நடந்து வரும் வழியில் சொன்னார். வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிந்து பார்வை போய்க்கொண்டிருந்தது. அவர் வெளியில் சொல்லவே இல்லை. பள்ளிக்கூடம் லீவு விட்ட சமயத்தில் வேனை விட்டுவிட்டு, முதுகு வலி என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் வைகாசியில் இருவரும் கருடசேவைக்குப் போயிருக்கிறார்கள். காலை வெளிச்சத்தில் பெருமாளின் குடை தெரிந்ததும் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியிருக்கிறது. அக்காவும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வீட்டுக்காரர் ஒரு லாட்ஜ் போர்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் வந்த பக்கம் கும்பிட்டிருக்காரு தம்பி. அந்தச் சத்தம் செவுத்துல பட்டு எதிரொலிச்சிருக்குது. நான் ஒண்ணும் சொல்லல. கையப் புடிச்சி வீட்டுக்குக் கூட்டிக்கினு வந்தேன். மறுநாள் கண் டாக்டர்கிட்ட போனோம்."

டாக்டர் கண்ணில் போடுகிற ஊசி என்றார். மாதம் ஒன்றாகச் சில மாதங்கள் போட வேண்டும். போனது முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். ஒரு ஊசி போட்டுக்கொண்டவர், அடுத்ததற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பாக்கறதுக்கு இன்னா இருக்குது இனிமே?" என்பாராம்.

"அந்த டாக்டர் ரூமுக்கு வெளிய ஒரு மீன் தொட்டி இருந்துச்சு. காத்துக்கினு இருந்த நேரம் பூரா அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. மூஞ்சியே வேற மாதிரி இருந்துச்சு. அதான் தொட்டி வாங்கினேன். வாங்கி வெச்சா நம்ம வீட்டுத் தொட்டியில ஒண்ணும் தெரியலங்கறாரு. அங்க தெரிஞ்சது இங்க ஏன் தெரியல? பின்னாடி இருக்கிறதுலதான் ஏதோ இருக்குது."

அதுவரைக்கும் அவரிடம் விற்ற நாலு போஸ்டரும் எனக்கு நினைவுக்கு வந்தன. எல்லாம் மீனை அமுக்குகிற மாதிரி நெருக்கமாகப் படம் போட்டவை. நல்ல கண் உள்ளவனுக்கே ஆரஞ்சு மீன் ஆரஞ்சுப் பவளத்துக்கு முன்னால் வந்தால் ஒரு நொடி மறையும். வெட்கமாக இருந்தது.

தன் கடைக்கு விடுமுறை விடும் நாளில் அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். போஸ்டரை உரித்து எண்ணெயைத் துடைத்து வைத்திருந்தார். தரையில் பாய் விரித்து அதன்மேல் துணிகள். லைனிங் துணியில் எத்தனை கலர் உண்டோ அத்தனையும். நாவல்பழம், கத்திரிப்பூ, மயில்கழுத்து, காப்பிக்கொட்டை, சாம்பல், சந்தனம். வீட்டுக்காரர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீயும் இவகூடச் சேந்துக்கினியா?" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

அக்கா ஒரு விதி சொன்னார். ஒவ்வொரு துணிக்கும் அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் வலையால் சில மீன்களை எடுத்து வாளியில் விடுவேன், அல்லது விடமாட்டேன். அப்புறம் அவர் கண்ணைத் திறந்து எண்ண வேண்டும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். நடுநடுவே மீன்களுக்கு ஓய்வு விட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "அவருக்கும் விடணும்" என்றார்.

சந்தனத்தில் வெள்ளை மீன் காணாமல் போயிற்று. கத்திரிப்பூவும் சாம்பலும் அவருக்கு ஒரே கலராகத் தெரிந்தன. "தெரியல" என்ற வார்த்தையை முதல் இரண்டு மூன்று தடவை கஷ்டப்பட்டுச் சொன்னார். அப்புறம் பழகிவிட்டது. "இதுல ஒரு மண்ணும் தெரியலமா" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

நான் என் தொழில் அறிவைக் காட்ட நினைத்தேன். "கறுப்பு வைங்கக்கா. கறுப்புக்கு முன்னாடி எந்த மீனும் எடுப்பா தெரியும். பெரிய பெரிய தொட்டிக்கெல்லாம் அதுதான்."

கறுப்புத் துணியைப் பிடித்தோம். எனக்கு மீன்கள் நெருப்புத் துண்டு மாதிரி தெரிந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"தெரியுது" என்றார். குரலில் சுருதி இல்லை.

"எப்படித் தெரியுது?" என்றார் அக்கா.

"தெரியுதுமா, விடு."

"எப்படித் தெரியுதுன்னு சொல்லுங்க."

அவர் கையைத் தூக்கித் தன் முகத்துக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டார். "என் கண்ணு நடுவுல ஒரு கறுப்பு இருக்குது. எங்க பாத்தாலும் அதுவும் கூட வருது. இந்தத் துணியும் கறுப்பா இருக்குதா, எது துணி, எது என் கண்ணுன்னு தெரியல. மீனு வருது, திடீர்னு இல்லாமப் போவுது. துணிக்குள்ள போச்சா, என் கண்ணுக்குள்ள போச்சான்னு தெரியல. பயமா இருக்குது."

இதை அவர் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை. டாக்டர் "மங்கலா தெரியுதா?" என்று கேட்டிருக்கிறார், இவர் "ஆமா" என்றிருக்கிறார். அவ்வளவுதான்.

அக்கா துணியைக் கீழே போட்டுவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னப் பாத்தா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க. என்ன நேரா பாத்தா இன்னா தெரியுது?"

"காது தெரியுது. கொண்ட தெரியுது. தோடு தெரியுது. மூஞ்சி இல்ல."

நான் வாளியில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் குரல் மாறவில்லை.

"எங்க பாத்தா என் மூஞ்சி தெரியும்?"

"உன் தோளுக்கு மேல, செவுத்தப் பாத்தா ஓரமா தெரியும்."

"அப்ப செவுத்தப் பாருங்க. எங்கிட்ட பேசும்போது செவுத்தப் பாத்துக்கினு பேசுங்க. எனக்கு ஒரு கோவமும் வராது."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். அக்காவின் தோளுக்கு மேலே, காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தார்.

"இளைச்சிட்ட" என்றார்.

அக்கா எழுந்து, "சரி, அடுத்த துணி" என்றார்.

அடுத்த துணி பாட்டில் பச்சை. வெளிச்சம் பட்டால் பளபளக்காத சாதாரண பருத்தி லைனிங். நான் அதன்மேல் நம்பிக்கை வைக்கவில்லை. அவர் தலையை லேசாகச் சாய்த்து, தொட்டியின் விளிம்பைப் பார்த்தார். மீன் தெரிய வேண்டுமென்றால் மீனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை அந்தக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்திருந்தார்.

"மூணு... இல்ல, இரு. ஜன்னல் ஒண்ணு தொட்டிக்குள்ள தெரியுது, அது மறைக்குது. அதுக்குப் பின்னாடி வெள்ளையா ஒண்ணு. நாலு."

நாலுதான். மறுபடி கண்ணை மூடச் சொன்னார் அக்கா. மூன்று தடவை சரியாகச் சொன்னார், ஒரு தடவை தவறிவிட்டது. அந்த ஒரு தடவையை அக்காவால் விட முடியவில்லை. ஜன்னலின் பிம்பம் கண்ணாடியில் விழுவதுதான் காரணம் என்று, தொட்டியின் தண்ணீரைப் பாதிக்குமேல் இறைத்து, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அதைப் பக்கச் சுவரோரம் நகர்த்தினோம். தூக்கும்போது பாரத்தில் பெரும்பகுதியை அவர்தான் தாங்கினார். அவ்வளவு பலம் அவரிடம் இருந்ததை அந்த வீடு மறந்திருந்தது போல் இருந்தது. மறுபடி துணியைப் பிடித்தோம். இந்தத் தடவை கேள்வி கேட்கும் முன்னாலேயே சொன்னார்.

"அஞ்சு. அந்த வெள்ளை வாலு கீழ நிக்குது. அஞ்சும் இருக்குது."

அக்கா வாளியை எட்டிப் பார்த்தார். காலி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் துணி ஸ்டாக் இருக்குதான்னு பாக்கணும்" என்றார். அந்தப் பச்சையை ஒரு தெர்மாகோல் அட்டையில் சுருக்கம் இல்லாமல் இழுத்துத் தைத்து, தொட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். என் கடையில் அன்றிலிருந்து போஸ்டர் கேட்பவர்களிடம் நான் முதலில், "என்ன மீன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

தொட்டி சரியாகிவிட்டது, ஊசி பாக்கி இருந்தது. அவர் வரமாட்டேன் என்பதில் மாறவில்லை. "இருக்கிறதே போதும்" என்றார். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. போதும் என்பது காரணம் இல்லை, வேறு ஏதோ இருக்கிறது என்றார். வேளை கெட்ட வேளையில் கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், என் முன்னாலேயே கேட்டார். கடைசியில் ஒருநாள் கடையை மூடிவிட்டு வந்து, காரணம் தெரிகிற வரைக்கும் திறக்கப் போவதில்லை என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாராம். இரண்டாவது நாள் மத்தியானம் அவர் சொல்லியிருக்கிறார்.

"ஊசி வர்றது தெரியுதுடி. நேரா வந்தா தெரியாது. ஓரமா வருது. எனக்கு ஓரந்தானே தெரியும்."

வலியைச் சொல்லியிருந்தால் அக்கா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். இதற்குச் சமாதானம் இல்லை. எழுந்து நேராக டாக்டரிடம் போனார். டோக்கன் வாங்கி, நோயாளி இல்லாமலே முறை வந்தபோது உள்ளே போய், இரண்டு விஷயத்தையும் சொன்னார். நடுவில் இருக்கும் கறுப்பு எவ்வளவு பெரியது என்பதைத் தன் முகத்தில் கையால் வட்டம் போட்டே காட்டினார். டாக்டர் கேட்டுக்கொண்டு எழுதினாராம். அடுத்த ஊசிக்கு அவரை எதிர்ப்பக்கமாக, நன்றாக ஓரத்துக்கு விழியைத் திருப்பச் சொல்லி, கை வருவது தெரியாதபடி மறைத்துக்கொண்டு போட்டார்கள். அக்கா கதவுக்கு வெளியே நின்று, "சாரதா ஸ்டாப்பிங் வந்திருச்சா?" என்று அவருடைய பழைய வேன் ரூட்டில் இருந்த நிறுத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம், உள்ளேயிருந்து அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசி நிறுத்தம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மீதி ஊசிகளையும் போட்டுக்கொண்டார். இடது கண் தேறவில்லை. வலது கண் இருந்த இடத்தில் நின்றது. டாக்டர் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் இருப்பதை வைத்துப் பார்ப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் என்னைப் பார்த்தால் என் தலைக்கு மேல் இருக்கும் போர்டைப் பார்த்தபடி, "இன்னாபா, சட்ட புதுசா?" என்று கேட்பார்.

அப்புறம் நான் கடையைச் செங்கல்பட்டுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டேன். அக்காவின் வீட்டுக்குக் கடைசியாகப் போனது அதற்குச் சில மாதம் முன்பு. ஒரு காலை, பதினோரு மணி இருக்கும், வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் அக்கா வேகமாக என் கடைக்குள் வந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, ஒரு மீனுக்கு ஒடம்பு சரியில்லயாம். வா."

"யாரு சொன்னாங்க?"

"அவருதான்."

போனேன். தொட்டிக்கு முன்னால் குனிந்து பார்த்தேன். ஐந்து மீனும் வளர்ந்திருந்தன. செதில், துடுப்பு, செவுள் எல்லாம் சுத்தம். புள்ளி இல்லை, புண் இல்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுண்ணா."

"அப்படிப் பாத்தா தெரியாதுபா. உக்காரு கொஞ்ச நேரம்" என்றார் அவர்.

உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்தாயிற்று. அவர் தலையைச் சாய்த்துத் தொட்டியின் மூலையைப் பார்த்தபடி இருந்தார். "இப்ப பாரு" என்றார். நான் வேறு மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன். "இரு, திரும்ப வரும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வெள்ளை வால்காரி இடதுபக்கம் திரும்பும்போது, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்து, உடனே நிமிர்ந்தது. கண்ணிமைக்கிற நேரம்தான். நாளெல்லாம் அதையே பார்க்கிற ஒருவருக்குத்தான் அது தெரியும்.

"ஆமாண்ணா. சாயுது. வயிறு உப்பியிருக்கு. ரெண்டு நாள் தீனி போடாதீங்க. அப்புறம் பட்டாணிய வேகவெச்சுத் தோல் உரிச்சுக் கொஞ்சமா குடுங்க. சரியாயிடும்."

அக்கா என்னை வாசல்பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார். "நெஜமாவே சாயுதா? இல்ல அவருக்காகச் சொல்றியா?"

"நெஜமாத்தான்க்கா."

என் பேச்சை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு முக்காலியை இழுத்து, வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கடைச் சாவி மடியில் கிடந்தது.

"எங்க, காட்டுங்க" என்றார்.

"அவசரப்படாத. இப்ப இல்ல... இப்ப இல்ல..."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மேட்சிங் சென்டர் வாசலில் கையில் புடவைப் பையோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பூட்டைக் காட்டி, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டார்கள். நேரமாகும் என்று சொன்னேன்.